பொறுப்பாசிரியரின் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

தென் மாவட்டம் ஒன்றில், கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஜூனில் தமிழ் மன்றப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் இப்போது ஒரு நாடகம் எழுதியிருக்கிறார்கள். பள்ளிப் பையன்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றியது. விஷயத்தைக் கேட்டதுமே முதல்வர், "எதுக்கும்மா வம்பு, வேற ஏதாவது போடச் சொல்லுங்க" என்றுவிட்டார். மாணவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை. நான் யார் பக்கம் நிற்பது? பொறுப்பாசிரியர் எதுவரை தலையிடலாம்?

ஒரு வாசகி
(பெயரும் ஊரும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவர்கள் பக்கம்தான் நில்லுங்கள். ஆனால் அவர்களுக்குப் பதிலாக நீங்கள் போய் நிற்காதீர்கள்.

நாடகப் பிரதியை முழுசாகப் படித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. முதல்வரும் விஷயத்தைக் கேட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறார், பிரதியைப் பார்த்து அல்ல. ஒரு மதிய இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து, அவர்களையே உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வட்டாரத்தில் எந்த நிறம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். மேடையில் அந்த நிறம் வந்த உடனே அரங்கில் பாதிப்பேர் நாடகத்தை விட்டுவிட்டு "நம்மளச் சொல்றாங்களா" என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இதை அவர்களிடம் கேள்வியாக வையுங்கள். நிறத்தை மாற்றுவதா, வேண்டுமென்றே வைத்துக்கொள்வதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். பேனாவை எடுத்து வசனத்தை அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அப்புறம் முதல்வரிடம் போங்கள். மன்றச் செயலாளரையும் நாடகம் எழுதியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேச வேண்டியவர் செயலாளர். நீங்கள் தனியாகப் போனால் அது உங்கள் கோரிக்கை ஆகிவிடும், விளைவும் உங்கள் தலையில் விடியும். பல தனியார் கல்லூரிகளில் அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்பதே யாரோ ஒருவரின் மனநிலையைப் பொறுத்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

செயலாளர் முதல்வரிடம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கையை நீதிபதி சந்துரு 2024 ஜூனில் கொடுத்தார். வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. அந்தப் பள்ளிகளில் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் உங்கள் கல்லூரியின் முதலாண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல்வர் ஒரு ஒத்திகையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அவர் சொன்ன காரணத்தை அப்படியே மன்றக் கூட்டத்தில் சொல்லி, கூட்டக் குறிப்பேட்டில் எழுதவையுங்கள். அவர் முடிவை உங்கள் அபிப்பிராயம்போலச் சொல்லிப் பூசி மெழுகாதீர்கள். மாணவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

முதல்வரின் பயமும் புதியதில்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு வருடத்தில் ஆட்சியே மாறியது. மாணவர்கள் நாலு பேர் கூடினால் பதறுகிற பழக்கம் அன்றிலிருந்து நம் கல்வி நிர்வாகங்களிடம் இருக்கிறது. பதறுகிறவர் எதிரி அல்ல. "என்ன நடந்தாலும் நான் அரங்கில் இருப்பேன் சார்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பதற்றம் இறங்கும்.

எதுவரை தலையிடலாம் என்று கேட்டீர்கள். பணத்தில் முழுசாகத் தலையிடுங்கள். நான் படித்த கல்லூரியில் மன்றப் பொறுப்பாசிரியர் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், அநேகமாகப் பேசவே மாட்டார். கணக்கு என்றால் மட்டும் விட மாட்டார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்கிய செயலாளர் பில் வாங்காமல் வந்துவிட்டார். வெள்ளைத் தாளில் கடை, தேதி, தொகை எல்லாம் அவரையே எழுதவைத்து, கையெழுத்துப் போடச் சொல்லி, அதற்குக் கீழே பொறுப்பாசிரியர் தன் கையெழுத்தைப் போட்டார். "முதல்ல உன் கையெழுத்து, அதுக்குக் கீழதான் என்னோடது" என்றார். செலவு அந்த மாணவருடையதாகவே இருந்தது. கேள்வி வந்தால் ஆசிரியரும் கூட நிற்பார் என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்து இந்தப் பொறுப்பை இதைவிடச் சரியாக யாரும் செய்து பார்த்ததில்லை.

உங்கள் செயலாளர் எப்படிச் செயலாளர் ஆனார் என்பதையும் பாருங்கள். மாணவர் தேர்தல்கள் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றது. ஒரு வேட்பாளர் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, முடிவு வந்த இரண்டு வாரத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம்மூரில் பல கல்லூரிகளில் துறைத்தலைவர் ஒரு பெயரைச் சொல்வார், அதோடு சரி. மன்றத்துக்குள் ஒரு சீட்டுத் தேர்தல் வைக்க யாருடைய அனுமதியும் பெரிதாக வேண்டியிருக்காது. அதை மார்ச்சிலேயே வைத்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விட்டால் மேடைக்காரர் நம்பர்கூட யாரிடமும் இருக்காது, ஜூனில் மன்றம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பழையவரும் புதியவரும் ஒரு நிகழ்ச்சியையாவது சேர்ந்து நடத்தட்டும்.

கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழுவுக்காக, எடுத்த இடம் பதிவாகிற ஜியோடேக் போட்டோ எடுப்பது தவிர்க்க முடியாத வேலை. எடுத்துக் கோப்பில் வையுங்கள். போட்டோவுக்காக மட்டும் ஒரு நிகழ்ச்சியை யாராவது கேட்டால், அன்று மன்றத்தில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இன்னொன்று. மதிய இடைவேளை என்று மேலே சொன்னது யோசித்துத்தான். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும், வெளியூர்ப் பெண்களுக்குப் பஸ் போய்விடும். மிச்சமிருக்கும் பையன்கள் எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். எந்த விதியையும் மாற்றாமல், கூட்ட நேரத்தை மாற்றியே இதை நீங்கள் சரிசெய்யலாம். நாடக ஒத்திகைக்கும் இது பொருந்தும்.

பிரதியை எழுதியவருக்கு விருப்பம் என்றால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவருக்கே எழுதுகிறேன்.