டாஃபி ஏல்ல டாஃபியே கிடையாது!

போன இதழ்ல இங்கிலாந்துல வீட்டுலயே பீர் காய்ச்சறத பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், கடுதாசி குவிஞ்சு போச்சு. பாதிப்பேர் கேக்கறது ஒண்ணேதான், டாஃபி வாசம் வர்ற அந்த செம்பழுப்பு ஏல் (இங்கிலாந்து பாணி பீர்) எப்படி பண்றது, எப்படி பாட்டில்ல அடைக்கறது. சரி, இந்த தடவை முழுக்க அதே கச்சேரிதான்.

கே: சார், கடையில வாங்குன டாஃபி 400 கிராம் கொதிக்கற வோர்ட்ல (முளைகட்டி காயவெச்ச பார்லி, அதான் மால்ட், அத ஊறவெச்சு வடிச்ச இனிப்புத் தண்ணி) போட்டு கரைச்சேன். அன்னிக்கு வீடே கமகமன்னு இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு ஊத்தி குடிச்சா டாஃபியும் இல்ல, இனிப்பும் இல்ல, மேல நுரை கூட நிக்கல. எங்க தப்பு? (ஹாரோ வாசகர்)

ப: தப்பு டாஃபி பாக்கெட்ட பிரிச்சதுலயே ஆரம்பிச்சிருச்சு சார். டாஃபின்னா என்ன, சீனியும் வெண்ணெயும். சீனிய ஈஸ்ட் ஒரு பருக்கை விடாம தின்னுட்டு ஆல்கஹாலாவும் கேஸாவும் மாத்திடும், அப்புறம் இனிப்பு எங்கேர்ந்து வரும். வெண்ணெய்ல இருக்கற கொழுப்பு நுரைக்கு எமன், கழுவாத எண்ணெய் டம்ளர்ல பீர் ஊத்தினா எப்படி இருக்கும், அதே கதைதான்.

கடையில நீங்க குடிச்ச ஏல்ல டாஃபி ருசி வர்றது பெரும்பாலும் கிரிஸ்டல் மால்ட்ல இருந்து. அத பண்ற விதமே தனி. பார்லிய ஊறவெச்சு முளைகட்டுவாங்க, நாம பச்சைப்பயறு முளைகட்டற மாதிரி. சாதா மால்ட்டுனா உடனே காயவெச்சுடுவாங்க, கிரிஸ்டலுக்கு மட்டும் அந்த ஈரத்தோடவே மூடின டிரம்ல 65-70 டிகிரில வெச்சிருப்பாங்க. உள்ள இருக்கற மாவு உமிக்குள்ளயே சர்க்கரைப் பாகா மாறிடும், அதுக்கப்புறம் சூட்ட ஏத்தி வறுத்தா அந்தப் பாகு கண்ணாடி மாதிரி இறுகிடும். ஒரு மணிய வாயில போட்டு கடிச்சு பாருங்க, கடலைமிட்டாய் பாகு தீயற நேரத்துல வர்ற ருசி அப்படியே இருக்கும். இதுல உருவாகற வறுவல் ருசியையும் கேரமல் சமாச்சாரத்தையும் ஈஸ்ட்டால பெருசா தின்ன முடியாது, அதனாலதான் கடைசி வரைக்கும் நிக்குது.

20 லிட்டருக்கு நான் போடற கணக்கு இது: மாரிஸ் ஆட்டர் மால்ட் 4 கிலோ (1960கள்ல கேம்பிரிட்ஜ்ல உருவாக்குன ரகம், பிஸ்கட் வாசம் நல்லா வரும்), மீடியம் கிரிஸ்டல் 400 கிராம். சுடுதண்ணியும் மால்ட்டும் கலந்த கலவை 67-68 டிகிரில ஒரு மணி நேரம் ஊறட்டும். ஈஸ்ட் கண்ணுல படாம கொஞ்சம் இனிப்பு தப்பிக்கணும்னா இந்த சூடு முக்கியம், 63-64க்கு இறங்குனீங்கன்னா ஏல் வறண்டு போயிடும். வடிச்ச வோர்ட்ல ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்பு குடுக்கற பூ) 40 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கணும், கசப்பு இல்லன்னா இருமல் மருந்து குடிச்ச மாதிரிதான் இருக்கும் சொல்லிட்டேன். எஸ்-04 ஈஸ்ட் ஒரு பாக்கெட், 19 டிகிரி. ஆரம்ப கிராவிட்டி (எவ்ளோ சீனி கரைஞ்சிருக்குன்னு காட்டற அளவு) 1.046 பக்கம் வரும், 1.012ல நின்னா சுமார் நாலரை சதவீதம் ஆல்கஹால்.

கிரிஸ்டல தூக்கலா போட்டா டாஃபி ஏறும்னு நெனச்சு 900 கிராம் கொட்டுனேன் ஒரு தடவை, திராட்சை வத்தல் ஊறவெச்ச தண்ணி மாதிரி திகட்டிருச்சு, பாதிய கீழ ஊத்தினேன். அதுக்கு பதிலா ஒரு கைவேலை இருக்கு: மால்ட்ல இருந்து முதல்ல வடியற கெட்டி வோர்ட் 4 லிட்டர தனியா அகலமான பாத்திரத்துல ஊத்தி ஒரு லிட்டரா சுண்டக் காய்ச்சி திரும்ப பெரிய பாத்திரத்துல சேக்கறது. திரட்டுப்பால் கிண்டறவங்களுக்கு இது புரியும், பக்கத்துலயே நிக்கணும், போன் பாக்கப் போனீங்கன்னா அடி பிடிச்சுடும்.

கே: அப்ப ஊர்லேர்ந்து அம்மா குடுத்துவிட்ட கருப்பட்டி? (லெஸ்டர் வாசகி)

ப: ஆசை புரியுதும்மா. ஆனா கருப்பட்டியும் பெரும்பாலும் சீனிதான், ஈஸ்ட் விருந்து சாப்பிட்டுட்டு போயிடும், லேசா ஒரு புகை வாசமும் உப்பு ருசியும் மட்டும் மிஞ்சும். 200 கிராம் வரைக்கும் கொதி முடியற நேரத்துல போட்டு பாருங்க, நல்லாதான் இருக்கும், ஆனா அத டாஃபின்னு சொல்ல மாட்டேன். மிச்சத்த பணியாரத்துக்கு வெச்சுக்கோங்க.

கே: நான் கிரிஸ்டலே போடல, ஆனாலும் பட்டர்ஸ்காட்ச் வாசம் வருது. அதிர்ஷ்டமா?

ப: இல்லைங்க. ஈஸ்ட் வேலை பாக்கும்போது வெளிய விடற ஒரு பொருள் டயாசெட்டிலா மாறும், தியேட்டர் பாப்கார்ன்ல வர்ற அந்த வெண்ணெய் வாசம் இதேதான். நேரம் குடுத்தா ஈஸ்ட்டே அத திரும்ப உறிஞ்சிக்கும், நீங்க அவசரப்பட்டு அஞ்சாம் நாளே குளிர்ல வெச்சு தூங்க வெச்சிருப்பீங்க. நுரைச்சல் அடங்கற நேரத்துல 21 டிகிரிக்கு ஏத்தி மூணு நாள் சும்மா விடுங்க. சோதிச்சு பாக்க ஈஸியான வழி, ரெண்டு டம்ளர்ல கொஞ்சம் எடுத்து மூடி, ஒண்ண மட்டும் 65 டிகிரி சுடுதண்ணில இருபது நிமிஷம் வெச்சு ஆறவிட்டு மோந்து பாருங்க, அதுல வெண்ணெய் வாசம் வந்தா இன்னும் பாட்டில் பக்கம் போகாதீங்க. இங்கிலாந்து ஏல்ல லேசா இருந்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, ரிங்வுட்னு ஒரு ஈஸ்ட் அதுக்கே பேர் போனது. ஆனா வெண்ணெயோட புளிப்பும் சேந்து வருதுன்னா கிருமி புகுந்துருச்சு, கொட்டிடுங்க.

கே: அண்ணை, கராஜுக்குள்ள 36 போத்தல் அடைச்சு வச்சனான். பத்தாம் நாள் இரவு படார் படார் எண்டு சத்தம், போய்ப் பாத்தா ஒம்பது போத்தல் தூள் தூளாக் கிடக்கு. குமிழி நிண்டுட்டுது எண்டுதான் ஆறாம் நாள் அடைச்சனான், ஒவ்வொண்டுக்கும் ஒண்டரைத் தேக்கரண்டி சீனி போட்டனான். மனுசி இனிக் கராஜ் பக்கம் போகவே கூடாது எண்டு சொல்லிப்போட்டா. மிச்சத்தை என்ன செய்யிறது? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

ப: அண்ணே, முதல்ல மனுசி சொன்னத கேளுங்க, கராஜுக்கு இப்ப வெறும் கையோட போகாதீங்க. கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு தடிச்ச க்ளவுஸ், முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கிட்டு, மிச்ச பாட்டில் மேல கனமான போர்வைய போட்டு மூடுங்க. இந்த குளிர்காலத்துல கதவ திறந்து விட்டு அந்த இடத்தையே நல்லா சில்லுனு ஆக்குங்க, குளிர்ந்தா கேஸ் கொஞ்சம் அடங்கும். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா துணி சுத்தி, மூடிய லேசா நெம்பி கேஸ வெளிய விடுங்க. குடிக்கலாமேன்னு ஆசைப்பட்டு ஷெல்ஃப்லயே விட்டு வெக்காதீங்க.

இப்ப ஏன் வெடிச்சுதுன்னு பாப்போம், ரெண்டு தப்பு சேந்திருக்கு. குமிழி நின்னுட்டா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமே இல்ல, மூடி லேசா லீக்கானா கூட குமிழி நின்னுடும். கிராவிட்டி அளக்கற ஹைட்ரோமீட்டர் விலை ஒரு பீட்சா விலை கூட இல்ல, வாங்குங்க. மூணு நாள் விட்டு விட்டு பாத்தும் அளவு அசையலன்னாதான் அடைக்கலாம். 1.016ல அடைச்சு அது உள்ளுக்குள்ளயே 1.012க்கு இறங்குச்சுன்னு வைங்க, அந்த நாலு புள்ளிலயே நீங்க போட வேண்டிய மொத்த சீனிய விட அதிகமா கேஸ் கிளம்பும். அதுக்கு மேல நீங்க ஒண்ணரை ஸ்பூன் வேற! 500 மில்லி பாட்டிலுக்கு இந்த மாதிரி ஏல்ல அரை டீஸ்பூன், சுமாரா 2 கிராம், அவ்ளோதான். நீங்க போட்டது மூணு மடங்கு.

பாட்டில் பாட்டிலா ஸ்பூன்ல போடறதையே விட்டுடுங்க, கை ஒரே மாதிரி வராது. 20 லிட்டருக்கு 85 கிராம் சீனிய ஒரு கப் தண்ணில அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறினதும் சுத்தம் பண்ணின வேற பக்கெட்ல ஊத்தி, அது மேல பீர சைஃபன் குழாயில மெதுவா இறக்குங்க, குழாய் நுனி அடியில முட்டிக்கிட்டு இருக்கணும். டீ ஆத்தற மாதிரி உயரத்துலேர்ந்து ஊத்தினீங்கன்னா காத்து கலந்து ஒரு மாசத்துல நனைஞ்ச அட்டைப்பெட்டி ருசி வந்துடும், பாடுபட்டு கொண்டுவந்த டாஃபியெல்லாம் மங்கிப்போயிடும். பாட்டில் தடிச்ச பழுப்பு பீர் பாட்டிலா இருக்கட்டும், ஜூஸ் பாட்டில், ஒயின் பாட்டில் கூடவே கூடாது. வெள்ளை கண்ணாடி பாக்க அழகா இருக்கும், ஆனா வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கெட்டு, ஸ்கங்க்னு ஒரு பிராணி விடற மாதிரி நாத்தம் அடிக்கும். மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் காலி விடுங்க.

இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் அடைச்சு வைங்க. 20 டிகிரில ரெண்டு வாரம், தினம் அத ஒரு அமுக்கு அமுக்கி பாருங்க. கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா மத்ததும் ரெடி, நாலாம் நாளே கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா உஷார்.

கே: லண்டன் பைப் தண்ணி, ஏல்ல மருந்துக்கடை வாசம் அடிக்குது. மால்ட் சரியில்லையா?

ப: மால்ட் மேல பழி போடாதீங்க, குளோரின்தான். குளோரின முறிக்கற கேம்ப்டன் மாத்திரை பாதிய பொடிச்சு தண்ணில கலக்கி கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க. பாட்டில பிளீச் போட்டு கழுவற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்துங்க.

கே: கோயமுத்தூர்ல எங்க மொட்டைமாடில இத பண்ணலாமாண்ணா?

ப: கூடாது தம்பி. 1937ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்சு வெச்ச மதுவிலக்கு சட்டம் இன்னிக்கும் புஸ்தகத்துல இருக்கு, டாஸ்மாக் இருக்கறதால அது செத்துப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க, லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா குத்தம்தான். இங்கிலாந்துலயே 1880லேர்ந்து வீட்டுல காய்ச்ச லைசென்ஸ் வேணும்னு இருந்துச்சு, 1963ல மாட்லிங்னு ஒரு நிதியமைச்சர்தான் பட்ஜெட்ல அத தூக்கினார். அங்கயும் சொந்தமா குடிக்கலாம், நண்பனுக்கு குடுக்கலாம், காசு வாங்கிட்டு விக்க முடியாது. லண்டன்ல சித்தப்பா யாராவது இருந்தா இந்த பக்கத்த கிழிச்சு அனுப்புங்க, லீவுக்கு போகும்போது ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சிருப்பார்.