வலை அறுந்த பிறகு என்ன பேசுவது? – சமரசம் குறித்துக் கேள்வி பதில்

மண்டபத்திலிருந்து: அக்கா, விசைப்படகு இழுத்ததுல என் நண்டு வலை போச்சு. நாளைக்குச் சங்கத்துல பேச்சு. எனக்குச் சட்டுனு கோபம் வரும். பொறுமைசாலியா என்னைக் கற்பனை பண்ணிக்கிட்டுப் போனா சரியாகுமா?

ஆகாது தம்பி. இல்லாத பொறுமையைக் கற்பனை செய்யாதீங்க, இருக்கிற பலத்தைப் பாருங்க. எத்தனை பாகம் ஆழத்துல வலை விட்டீங்க, எந்த மிதவை எங்க கிடந்துச்சுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்கல்ல? அந்த ஞாபகம்தான் உங்க பலம்.

இன்னைக்கு ராத்திரி அந்தக் கூட்டத்தை மனசுல ஓட்டிப் பாருங்க. எல்லாம் நல்லபடியா முடியுற காட்சியை மட்டும் ஓட்டாதீங்க. இனிமையான முடிவை மட்டுமே கற்பனை செய்றவங்களுக்கு முயற்சி தளர்ந்துபோகுது, குறுக்கே வரும் தடையையும் சேர்த்து நினைக்கணும்னு கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஆய்வு செஞ்சு காட்டியிருக்காங்க. உங்களுக்குத் தடை எது? "அங்க உன் வலை கிடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு விசைப்படகுக்காரர் கேட்கிற அந்த நொடி. "அவர் அப்படிக் கேட்டா, நான் வலையை எடுத்து விரிப்பேன்"னு இப்பவே முடிவு பண்ணுங்க. 'கோபப்பட மாட்டேன்'கிற பொதுவான உறுதியைவிட, 'இது நடந்தா இதைச் செய்வேன்'கிற திட்டம் கைகொடுக்கும். பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் சொல்றதும் அதைத்தான்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு பேச்சுல, பெரியவர் ஒருத்தர் வாயே திறக்கலை. அறுந்த முனையைத் தரையில விரிச்சு வச்சாரு. கத்தி பட்ட நூல் சீரா இருக்கும், இழுபட்டு அறுந்தது நீண்டு சுருண்டு கிடக்கும். எதிர்த்தரப்பு ஓட்டுநர் குனிஞ்சு அந்த நூலை விரல்ல எடுத்துப் பார்த்தாரு. அதுக்கப்புறம் பேச்சு முழுக்க எத்தனை வலைத் துண்டு, எவ்வளவு ஈயக் குண்டு போச்சுங்கிறது பத்திதான்.

ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வலை போன அன்னைக்கே, இறங்குதளத்துல, கூட்டம் நிக்கிற இடத்துல பேசாதீங்க. தண்ணி போட்டவர் உள்ள வந்தா எழுந்து வந்துடுங்க.

தொண்டியிலிருந்து: அண்ணன் தம்பி பாகப்பிரிவினையை இப்படிப் பேசி முடிக்கலாமா?

முடிக்கலாம். ஆனா அதுக்கு ஆவணம் பார்க்கிற வக்கீல் வேணும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுங்க.

ஏர்வாடியிலிருந்து: கோபத்தை அடக்குறது எப்படி?

மண்டபம் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

கீழக்கரையிலிருந்து: வீட்டுக்காரர் அடிக்கிறார். நான் இன்னும் பொறுமையைப் பலமாக்கணுமா?

கூடாதும்மா. அடி விழுற இடத்துல சமரசம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க, இன்னைக்கே.

பாம்பனிலிருந்து: சமாதானம்னா எப்பவும் நாட்டுப்படகுக்காரன்தானே விட்டுக்கொடுக்கிறான்?

இதை நான் ஒத்துக்க மாட்டேன். 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுக்குன்னு ஒதுக்கியிருக்கு. அதைச் சத்தமில்லாம, தெளிவா சொல்றதும் சமரசத்துக்கான பலம்தான். உங்க பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்க. மாசத்துல 12 நாள்தான் எடுக்கிறதுன்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. அந்தக் கட்டுப்பாடு கையில இருக்கும்போது வனத்துறைக்கு முன்னால தலை நிமிர்ந்து பேசலாம். இது விட்டுக்கொடுக்கிறதா?

ராமேஸ்வரத்திலிருந்து: விசைப்படகுல போற நாங்களும் கூலிக்காரங்கதான் அக்கா. டீசல் கடன் முதலாளிக்கு, அடி எங்களுக்கு.

உண்மை தம்பி. பாம்பன்காரரும் இதைப் படிக்கணும். உங்க பலத்தைக் கற்பனை செய்றது பாதி வேலைதான். எதிர்ல உட்காரப் போறவருக்கு என்ன பலம் இருக்குன்னும் யோசிங்க. எஞ்சின் நின்னு காத்துல அடிச்சுக்கிட்டுப் போற வல்லத்தை, அதாவது நாட்டுப்படகை, கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துட்டு வர்றது பல நேரம் விசைப்படகுதான். அப்படி உதவி செஞ்ச ஆளா அவரை நினைச்சுக்கிட்டுப் பேச உட்காருங்க. முதல் வார்த்தையே வேற மாதிரி வரும்.

பாம்பன் மறுபடி: அவன் இழுத்து வந்ததுக்காக 3 மைலை மறக்கணுமா?

வேண்டாம், மறக்கவே வேண்டாம். நன்றியும் சொல்லுங்க, மைலையும் சொல்லுங்க. ஆனா இறங்குதளத்துல வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து: சட்டுனு கோபம் வருது, என்ன பண்ண?

மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு.

மண்டபம் தம்பி: பேசி முடிச்சா எழுதி வாங்கணுமா அக்கா?

கட்டாயம். தொகை, தவணைத் தேதி, ரெண்டு தரப்புக் கையெழுத்து எல்லாம் அங்கயே. அவர் தவணை தவறுவார்னு தோணினா லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பதிவு பண்ணுங்க. அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால தாளை முழுசா படிச்சுக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு வலையை மறக்காம எடுத்துட்டுப் போங்க.