வாய்மூடி உட்கார்ந்திருந்தால் எனக்கும் அதில் பங்கு உண்டா?

கேள்வி: எங்கள் பிரிவில் பத்துப் பேர் வேலை செய்கிறோம். மேலாளர் ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் ஒரே ஊழியரைக் குறிவைத்துத் திட்டுகிறார். அவர் செய்யாத தவறையும் அவர் தலையில் கட்டுகிறார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருமுறை மேலாளர் அவரைக் கிண்டல் செய்தபோது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். என் சம்பளத்தை நம்பித்தான் குடும்பம் இருக்கிறது. நான் சும்மா இருப்பது தவறா? என்னைப் போன்ற சாதாரண ஆள் என்னதான் செய்ய முடியும்?

பதில்: உங்களுக்கும் பங்கு உண்டு. மேலாளருக்கு இருக்கும் அளவு இல்லை, ஆனாலும் உண்டு. அநியாயம் செய்தவரின் குற்றத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவர் மேல் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் 'நான் எதுவும் செய்யவில்லையே' என்று ஒதுங்கவும் முடியாது. நீங்கள் பேசாமல் இருப்பதை மேலாளர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். திட்டு வாங்குபவரோ, 'இவர்களும் என்னைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்கிறார். நீங்கள் மனதில்கூட நினைக்காத ஒன்றை உங்கள் மௌனம் வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒருவருடைய கடமை எவ்வளவு என்று கேட்டால் நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். நடப்பது அவருக்கு எவ்வளவு தெரியும், அவரால் எதை மாற்ற முடியும், அதற்கு அவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும். வேலையைத் தூக்கி எறியுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பெரிய விலை கொடுக்காமலே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அவற்றையும் செய்யாமல் இருக்கக் குடும்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

சரி, மற்ற ஒன்பது பேரும் ஏன் பேசவில்லை? எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்த் தகவல் சொன்னார்கள். அதே அறையில், கண்டும் காணாமல் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இருவர் கூட இருந்தபோது, 10 பேரில் ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். உங்கள் கூட்ட அறையிலும் இதுதான் நடக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, 'யாரும் பதறவில்லை, அப்படியானால் இது அவ்வளவு பெரிய விஷயமில்லை போல' என்று ஒன்பது பேரும் தனித்தனியாக முடிவு செய்கிறீர்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு சோதனை. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் செய்தது. பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள். அதிர்ச்சி போலியானது, கொடுப்பவருக்கு அது தெரியாது. முதலில் வெளியான சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். இதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் அதை வேறு விதங்களிலும் செய்து பார்த்தார். ஒன்றில், கூடவே வேலை செய்த இருவர் பாதியில் 'இதற்கு மேல் நான் செய்ய மாட்டேன்' என்று எழுந்துவிடுவார்கள். அப்போது 40 பேரில் 36 பேர் கடைசி வரை போக மறுத்துவிட்டார்கள். எழுந்த இருவரும் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, வெறுமனே நிறுத்தினார்கள். மறுக்கலாம் என்பது மற்றவருக்குத் தெரிய அது போதுமாக இருந்தது.

உங்களைப் போன்ற சாதாரண ஆளின் பலம் இதில்தான் இருக்கிறது. மேலாளரை நீங்கள் தனியாக வீழ்த்த வேண்டியதில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்ற அந்தத் தோற்றத்தை உடைத்தால் போதும்.

முதலில் அந்த ஊழியரிடம் போங்கள். அன்றைக்குச் சிரித்ததற்கு நேராக மன்னிப்புக் கேளுங்கள், விளக்கம் வேண்டாம். அப்புறம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். புகார் கொடுக்க விரும்புகிறாரா, வேறு பிரிவுக்குப் போக நினைக்கிறாரா, இப்போதைக்கு யாராவது கேட்டுக்கொண்டால் போதுமா? அவரைக் கேட்காமல் அவருக்காகக் களமிறங்குபவர்களால் அவருக்குக் கூடுதல் துன்பம் வரலாம். அதனால்தான் மொட்டைக் கடிதமும் எனக்குப் பிடிப்பதில்லை. அதை எழுதியவர் தப்பித்துக்கொள்வார், சந்தேகம் நேராகப் பாதிக்கப்பட்டவர் மேல்தான் விழும்.

அன்றன்றே குறிப்பு எழுதி வையுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, யார் யார் இருந்தார்கள். 'மோசமாக நடந்துகொண்டார்' என்று எழுதினால் அது உங்கள் கருத்து. சொன்ன வாக்கியத்தை எழுதினால்தான் சாட்சியம்.

அடுத்து, மீதி எட்டுப் பேரில் ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். பொதுவாக எல்லாரிடமும் சொன்னால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய பெயரைச் சொல்லி, 'எனக்கு இது சரியாகப் படவில்லை, உங்களுக்கு?' என்று கேளுங்கள். அவரும் இதே கேள்வியை உங்களிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கூட்டத்தில் பேசும்போது மேலாளரின் குணத்தைத் தொடாதீர்கள், விவரத்தை மட்டும் சொல்லுங்கள். 'அந்த அறிக்கை தாமதமானதற்கு இவர் காரணமில்லை, எங்களுக்கே தகவல் பிந்தித்தான் வந்தது.' குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்னதும் அந்த இன்னொருவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சேர்க்கட்டும்.

முறையான புகார் என்று வந்தால், உங்கள் நிறுவனத்தின் விதிகளையும் நாட்டின் சட்டத்தையும் முன்பே படித்துவிடுங்கள். வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, புகார் கொடுப்பவரோடு சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, அதற்கேற்ப சட்டம் இருக்கிறதா என்று தொழிற்சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். பயத்தின் உண்மையான அளவு அப்போதுதான் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த சோதனையில், குழுவே வேண்டுமென்று தவறான பதில் சொல்லும்போது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பதில்களில் மனிதர்கள் அந்தத் தவறோடு ஒத்துப்போனார்கள். சரியான பதில் சொல்லும் துணை ஒருவர் இருந்தால் அந்தப் பிழை கால் பங்காகக் குறைந்தது. ஆனால் அந்தத் துணை நடுவில் கட்சி மாறியதும் பிழைகள் மறுபடி பழைய அளவுக்கே ஏறின, துணையே இருந்திராதது போல. அதனால் உங்களால் எதுவரை வர முடியும் என்பதைத் திட்டு வாங்கும் அந்த ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விசாரணையில் சாட்சி சொல்ல முடியாது, குறிப்புகளைத் தர முடியும் என்றால் அதையே சொல்லுங்கள். அதை வைத்து அவர் தன் அடுத்த முடிவை எடுத்துக்கொள்வார்.