ரெண்டு நிமிஷ ரோலர் கோஸ்டருக்கு ஏன் ரெண்டு மணி நேர வரிசை? இன்னொரு ரயில் விட்டால் போதாதா?

ஜூன் பள்ளி விடுமுறையில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் போகிறீர்கள், அங்குள்ள பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும், வரிசையில் நின்று கருகக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில்: போதாது. பெரும்பாலான நாட்களில் அடைப்பு தண்டவாளத்தில் இல்லை, ஆட்கள் ஏறி இறங்கும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

ஒரு ரயிலில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர் ஏறலாம். 90 விநாடிக்கு ஒன்று என்று ஆகிவிட்டால் 960 பேர்தான். வெறும் முப்பது விநாடித் தாமதத்தில் மணிக்கு 480 பேர் குறைந்துவிட்டார்கள். உங்களுக்கு முன்னால் 1,440 பேர் நின்றால் முதல் கணக்கில் ஒரு மணி நேரம், இரண்டாவதில் ஒன்றரை.

அந்த முப்பது விநாடியைத் தின்பது பெரும்பாலும் நாம்தான். இறங்குகிறவர் கழற்றி வைத்த செருப்பைத் தேடுவார். ஏறுகிறவர் பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பெல்ட் எங்கே என்பார். சட்டைப் பையில் போன் இருப்பது மடியைப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பி இறங்கிய பிறகுதான் ஞாபகம் வரும். ஊழியர்கள் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்து, இரு பக்கத்திலிருந்தும் சரி என்று சைகை காட்டிய பிறகே ரயில் கிளம்பும். பல கோஸ்டர்களில் ஒருவருக்காகக் கம்பியைத் திறந்தால் எல்லோருடையதும் திறந்துகொள்ளும், சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாக்கெட்டைக் காலி செய்யச் சொல்லி லாக்கர் வைப்பது பாதுகாப்புக்காகத்தான், ஆனால் வரிசை வேகத்துக்கும் அது உதவுகிறது.

இன்னொரு ரயில் ஏன் உதவாது? கோஸ்டர் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஏற்றம், நடுவழி பிரேக், கடைசி பிரேக், ஸ்டேஷன் என்று. ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போனது அடுத்த பகுதியைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். நம்மூர் ரயில்வே சிக்னலின் அதே தத்துவம். ஆகவே ரயில்களின் எண்ணிக்கை பகுதிகளின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது குறைவாக இருந்தாக வேண்டும். இடம் இருந்து ஒரு ரயிலைச் சேர்த்தாலும், ஏற்றி இறக்குவது மெதுவாக நடந்தால் அது சுற்றி வந்து கடைசி பிரேக்கில் ஆட்களோடு வெயிலில் நிற்கும். ஸ்டேஷனுக்கு வெளியே அப்படி ஒரு ரயில் காத்து நிற்பதைப் பார்த்தால், அடைப்பு ஏறுமிடத்தில் என்று உறுதி.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு: பராமரிப்புக்காக மற்ற ரயில்களைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றை ஓட்டும் நாள். ஏற்றி, ஓட்டி, இறக்கி முடிக்க நாலு நிமிடம் என்றால் மணிக்கு 15 தடவை, 360 பேர். அதே 1,440 பேர் வரிசை இப்போது நாலு மணி நேரம்! கூட்டமில்லாத கிழமை என்று நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரயில் வெளியே ஓடும்போது ஸ்டேஷன் காலியாகவே கிடந்தால் ஒற்றை ரயில் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேலக்டிகாவுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. 2010ல் திறந்தபோது ஒரு வரிசையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். 2013ல் மூடி, 2015 மே மாதம் திரும்பத் திறந்தபோது வரிசைக்கு இரண்டு பேராகக் குறைத்த புது வண்டிகள் வந்தன. தண்டவாளம் அதேதான், கொள்ளளவுதான் சுருங்கியது. ஹியூமன், சைலான் என்று இரண்டு தனித்தனித் தண்டவாளம் இருப்பதால், இரண்டுக்கும் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். குறைந்தபட்ச உயரம் 125 செ.மீ. பிள்ளையை வாசலில் அளந்து பாருங்கள், உள்ளே போய் அழ வைக்க வேண்டாம். உயரம் போதவில்லை என்றால் பெற்றோர் மாறி மாறி ஏறும் வசதியைக் கேளுங்கள்: ஒருவர் பிள்ளையோடு இருப்பார், மற்றவர் வந்ததும் இவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம்.

கூடுதல் காசு கொடுத்து முன்னால் போக வாங்கும் எக்ஸ்பிரஸ் சீட்டு வரிசையைக் குறைப்பதில்லை, காத்திருப்பை அடுத்தவர் தலையில் வைக்கிறது. பாதி இருக்கை அவர்களுக்குப் போனால், 1,440 பேர் சாதாரண வரிசையின் ஒரு மணி நேரம் இரண்டாகிவிடும். காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு, தனி ஆளாக ஏறும் வரிசைதான் என் சிபாரிசு. மூன்று பேர் குடும்பம் வந்தால் ஓர் இருக்கை காலியாகும், அதை நிரப்பத்தான் அந்த வரிசை. ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால் அது உங்களுக்கு இல்லை. அன்று அந்த வரிசை திறந்திருக்கிறதா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலை நிறுத்தாமலே ஏற்றினால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில், ஹாக்ரிட் மோட்டார்பைக் கோஸ்டரில் நகரும் நடைமேடையில் நடந்தபடியே ஏற வேண்டும், ஒரு ரயிலுக்கு 14 பேர். யாராவது தடுமாறினால் மேடையையே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் இதன் பலவீனம். 2019 ஜூன் 13ல் திறந்த அன்று வரிசை பத்து மணி நேரத்தைத் தொட்டது. அந்தக் கூட்டத்துக்கு எந்த மேடையும் காணாது.

வாசல் பலகையில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். டிஸ்னி பூங்காக்களில் வரிசையில் நுழைகிறவர் ஒருவர் கையில் அட்டை கொடுத்து, முன்னால் போனதும் வாங்கி அளப்பது பழைய வழக்கம். அது ஒரு மணி நேரத்துக்கு முன் நுழைந்தவரின் கதை, உங்களுடையது அல்ல. நீங்களே கணக்குப் போடலாம்: இரண்டு ரயில் கிளம்புவதற்கு இடையே எத்தனை விநாடி என்று நாலைந்து தடவை பாருங்கள், இருக்கைகளை எண்ணுங்கள், தடுப்புக் கம்பியின் ஒரு மடிப்பில் நிற்கும் தலைகளை எண்ணி மடிப்புகளால் பெருக்குங்கள். எக்ஸ்பிரஸ்காரர்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத் தலைகளை ஒரு ரயிலின் இருக்கைகளால் வகுத்து, அந்த விநாடிகளால் பெருக்கினால் உங்கள் காத்திருப்பு.

நேரம் என்று பார்த்தால் கதவு திறந்த முதல் அரை மணிக்கு ஈடு கிடையாது, நேராக அங்கே போங்கள். அடுத்தது கடைசி அரை மணி. முன்வரிசைக்குத் தனி வரிசை இருந்தால் விட்டுவிடுங்கள். ரயில் உச்சியைத் தாண்டும்போது கடைசி வரிசையைத்தான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும், எனக்கு அதுவே பிடிக்கும்.

சிங்கப்பூரில் மதிய இடிமழை சகஜம். மின்னல் நெருங்கினால் வெளியே ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் வரிசையை விட்டு ஓடாதீர்கள், தண்டவாளத்தைப் பாருங்கள். ஆளில்லாத ரயில் சுற்றிக்கொண்டிருந்தால் சோதனை ஓட்டம் நடக்கிறது, சீக்கிரம் திறந்துவிடுவார்கள். ஏற்றத்தில் ரயில் நின்று, ஆட்களைப் படிக்கட்டு வழியாக இறக்கிக்கொண்டிருந்தால் சாப்பிடப் போய்விடுங்கள்.