ஐபேட் மேஜிக்குக்கு எல்இடி வால் மட்டும் போதுமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியின் குடும்ப விழாவைப் புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் ஹாலில் வைத்திருக்கிறோம். 200 பேர் வருவார்கள். ஐபேட் மேஜிக் (ஐபேட் திரையில் ஓடும் படத்தோடு கைவித்தையைச் சேர்த்துக் காட்டுவது) செய்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?
– மனிதவளப் பிரிவு அலுவலர், மஞ்சக்குப்பம்

பதில்: அவர் கையில் இருப்பது பத்துப் பதிமூன்று அங்குலத் திரை. மூன்றாவது வரிசையைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. எல்இடி வால் (மேடையில் நிறுத்தும் பெரிய எல்இடி திரை) வேண்டும் என்பார், நியாயம்தான். ஆனால் ஐபேட் திரையை மட்டும் வாலில் ஓடவிட்டால் வெறும் அனிமேஷன் படம்தான் மிஞ்சும். திரைக்குள் இருக்கும் நாணயத்தை விரல் வெளியே எடுக்கிறதே, கண்ணாடியும் விரலும் சேரும் அந்த இடத்தில்தான் வித்தையே இருக்கிறது. அதைக் காட்ட, கையையும் சேர்த்துப் பிடிக்கும் கேமரா தேவை. கேமராவும் ஆபரேட்டரும் யார் பொறுப்பு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். 'சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவருவார்' என்று மேஜிக்காரரும், 'மேஜிக்காரர் கொண்டுவருவார்' என்று சவுண்ட் சர்வீஸ்காரரும் இருந்துவிடுவது வாடிக்கை.

கேமரா வந்தால் கூடவே தாமதமும் வரும். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட். இடையில் வீடியோ சிக்னலை மாற்றும் ஒவ்வொரு கன்வெர்ட்டரும் ஓரிரு ஃபிரேம் தின்னும். ஐந்து ஃபிரேம் சேர்ந்தால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு: மேடையில் கை திறந்துவிடும், வாலில் இன்னும் மூடியிருக்கும். வயர்லெஸ் வேண்டாம், கேமராவிலிருந்து ஸ்விட்சருக்கு (வாலில் எந்தப் படம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கருவி) நேராக எஸ்டிஐ எனும் வீடியோ கேபிள் போடச் சொல்லுங்கள். ஐபேட் வெளிச்சத்தைக் குறைத்து, கேமரா எக்ஸ்போஷரை (உள்ளே விடும் வெளிச்ச அளவை) லாக் செய்யாவிட்டால் திரை வெள்ளையாக வெளுத்துவிடும். பின்னால் இருக்கும் வால் கேமராவில் விழுந்தால் அலை அலையாகக் கோடு ஓடும். கோணத்தை மாற்ற வேண்டும்.

கடைசி வரிசை 48 அடியில் என்றால் வால் 8 அடி உயரம் இருக்கட்டும் (தூரத்தில் ஆறில் ஒரு பங்கு). அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடிக்கு மேல் இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள்தான் தெரியும். ஐபேட் ஃப்ளைட் மோடில் இருக்க வேண்டும். வித்தையின் நடுவே வாட்ஸ்அப் செய்தி வந்தால் 8 அடி உயரத்தில் வரும்!

கம்பெனி லோகோ வித்தைக்குள் வர வேண்டுமானால் வெக்டர் ஃபைலை (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவம்) பத்து நாள் முன்பே கொடுங்கள். அனிமேஷன் கட்டணம் தனியா, 18% ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். ஒத்திகை அதே ஹாலில், அதே கேபிள்களோடு நடக்க வேண்டும். அதற்கு ஹாலை இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடியுங்கள். புகை மெஷின் உண்டென்றால் ஹோட்டலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்மோக் டிடெக்டருக்கு மேஜிக் தெரியாது.

கேள்வி: கடற்கரை ரிசார்ட் புல்வெளியில், கடல் பின்னணியில், மாலை ஐந்தரைக்கு வைக்கலாமா?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: நம் கடல் கிழக்கே. மேடை கடலை ஒட்டி இருந்தால் வால் மேற்கே பார்க்கும். சாயும் வெயில் முழுக்க அதன்மேல்தான் அடிக்கும். ஏழு மணிக்கு வையுங்கள். கடற்காற்றில் புகை நிற்காது, சீட்டும் பட்டுத்துணியும் பறக்கும். அவற்றை நம்பிய வித்தைகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். மைக்குக்கு ஃபோம் உறை, வாலுக்கு வெளிப்புறப் பேனல், தாங்கும் சட்டத்துக்கு அடியில் எடை, மூன்றும் கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த யோசனையே வேண்டாம்.

கேள்வி: எம்டியின் மோதிரம் மறைந்து ட்ரோனில் திரும்பி வருமாமே, செய்யலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: உங்கள் ஊரிலேயே விமான நிலையம் இருக்கிறது. வெளியில் பறக்கவிடுவதென்றால் அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். மஞ்சளிலும் சிவப்பிலும் முன் அனுமதி இல்லாமல் கூடாது. ஹாலுக்குள் வேறு சிக்கல்: ஜிபிஎஸ் கிடைக்காது, ட்ரோன் அடிப்பக்கக் கேமராவை நம்பி நிற்கும். பளபளக்கும் டைல்ஸும் மங்கிய விளக்கும் சேர்ந்தால் தடுமாறி நகரும். தரையில் கோலம்போட்ட மேட் விரித்து, ஆட்களிடமிருந்து பத்தடி தள்ளி இறக்கச் சொல்லுங்கள். மோதிரம் மட்டும் எம்டியுடையது வேண்டாம்.