போலீஸ் பிடித்த ஆளை எந்தப் பெயரில் தேடுவது?

தம்பி, திருத்துறைப்பூண்டியிலிருந்து டல்லாஸ் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். ஃப்ரிஸ்கோவில் இருக்கும் அத்தை மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் நாலு நாள் ஆச்சு, போன் அணைந்தே கிடக்கிறது, எங்கே வைத்திருக்கிறார்கள், விட்டுவிட்டார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பது உங்கள் கேள்வி. கூடவே கார் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, நல்ல பொன்னி அரிசி. அதெல்லாம் இருக்கட்டும். அரிசி எங்கேயும் ஓடிவிடாது.

முதலில் கூகுளில் பெயரைப் போட்டு, மேலே வருகிற முதல் தளத்தைத் தட்டுவதை நிறுத்துங்கள். அங்கே வருவது பெரும்பாலும் வியாபாரம். "ஆள் கிடைத்துவிட்டார், விவரம் பார்க்க ஒரு டாலர்" என்று ஒரு சக்கரம் சுற்றும். அட்டை எண்ணைக் கொடுத்தால் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருப்பான். அவன் காட்டுவதோ என்றோ அள்ளிவைத்த பழைய சரக்கு. இன்று காலை யார் உள்ளே இருக்கிறார் என்பது சிறையை நடத்துகிறவருக்குத்தான் தெரியும், அதை அவர்கள் காசில்லாமலேயே காட்டுகிறார்கள்.

யார் நடத்துகிறார் என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் கிளைச் சிறையானாலும் திருச்சி மத்திய சிறையானாலும் ஒரே சிறைத்துறை. இங்கே அப்படியில்லை. நகரப் போலீசின் லாக்கப் ஒன்று. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி; அதன் காவல் தலைவரான ஷெரிஃப் நடத்தும் கவுண்டி ஜெயில் ஒன்று. விசாரணைக் கைதியும் சின்னத் தண்டனைக்காரரும் அங்கேதான். பெரிய தண்டனை என்றால் மாநிலத்தின் பிரிசன். மத்திய அரசு வழக்கென்றால் ஃபெடரல். குடிவரவுத் துறையான ஐஸ் பிடித்தால் அது தனிக் கணக்கு. ஐந்துக்கும் ஐந்து பதிவேடு, ஒன்றில் இருப்பது மற்றதில் தெரியாது. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டி. எல்லாவற்றையும் சேர்த்துத் தேடும் அரசாங்கப் பெட்டி கிடையாது.

நாலு நாள்தான் ஆகிறது என்பதால் மாநில பிரிசன் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தண்டனை ஆகாமல் அங்கே போகமாட்டார். கவுண்டி ஜெயிலில் தொடங்குங்கள். ஃப்ரிஸ்கோவில் ஒரு சிக்கல்: ஊரின் ஒரு பாதி காலின் கவுண்டி, இன்னொரு பாதி டென்டன் கவுண்டி. பிடித்தது எந்தத் தெருவில் என்பதைப் பொறுத்து ஜெயில் மாறிப்போகும். வீடு இருக்கும் கவுண்டி கணக்கே இல்லை, பிடித்த இடம்தான் கணக்கு. அர்விங்கில் பிடித்திருந்தால் டல்லாஸ் கவுண்டி. அதனால் மூன்றிலும் பாருங்கள். கவுண்டி அரசின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஷெரிஃப், அதற்குள் ஜெயில் தேடல் என்று நுழையுங்கள். முகவரி எப்போதும் அரசுத் தளங்களுக்கான டாட் கவ் (.gov) என்று முடியும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே வாசல் வழியாகவே போவதுதான் நல்லது.

இனி பெயர். நம்மவர்களைத் தேடும்போது பத்துக்கு எட்டு முறை இடறுவது இங்கேதான். அத்தையிடம் சொல்லி மகனுடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசா பக்கத்தையும் இன்றைக்கே படமெடுத்து வாங்குங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் உதவாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் தூக்கிப்போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப் என் யூ (FNU) என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்ஸிலும் அப்படியே ஏறும், ஜெயிலிலும் அதையே எழுதுவார்கள். ஊரில் "கோ. சுவாமிநாதன்" என்று இருப்பவர் இங்கே குடும்பப் பெயர் சுவாமிநாதன், முதல் பெயர் எஃப் என் யூ என்று உட்கார்ந்திருப்பார். அப்பா பெயரான கோவிந்தராஜன்தான் கடைசியில் என்று எழுதிக்கொடுத்திருந்தால் கோவிந்தராஜனில் தேட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். சுவாமிநாதனுக்கு டபிள்யூவா, யூ-வா, வி-யா? தியாகராஜனுக்கு டி-க்குப் பின்னால் எச் உண்டா? சுப்பிரமணியன் என்-னில் முடிகிறதா, எம்-மிலா? பதிவு எழுதுகிற காவலர் நடுராத்திரியில் நம் பெயரைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். இரண்டு எழுத்து விழுந்திருக்கும், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். முழுப் பெயரைப் போட்டுக் "கிடைக்கவில்லை" என்று வந்தால் முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டுப் பட்டியலைப் பிறந்த தேதியோடு ஒப்பிடுங்கள். தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் எழுதிய ஜூன் மாதத் தேதிதானே நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு! இங்கே மாதம் முதலில், நாள் பிறகு என்பதையும் மறக்க வேண்டாம்.

பிடித்த உடனே பெயர் ஏறாது. கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகிற மாதிரிதான் இதுவும். கைரேகை, படம், மருத்துவக் கேள்விகள் எல்லாம் முடிந்து தளத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும், சில இடத்தில் ஒரு நாள். ஆனால் உங்களுக்கு நாலு நாள் கடந்துவிட்டது. டெக்சாஸ் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்க வேண்டும். ஜாமீன் தொகையும் சொல்லியிருப்பார்கள். அதனால் மூன்று கவுண்டியிலும் பெயர் இல்லையென்றால் இரண்டில் ஒன்று: வெளியே வந்துவிட்டார், அல்லது வேறு கைக்குப் போய்விட்டார். பல ஜெயில் பட்டியல்கள் இன்று உள்ளே இருப்பவரை மட்டும்தான் காட்டும். விட்ட மறுநிமிடம் பெயர் மறைந்துவிடும். தளத்தை விட்டுவிட்டு ஜெயிலுக்கே போன் போட்டு, பெயரும் பிறந்த தேதியும் சொல்லி, "பிடித்துவைத்திருந்தீர்களா, எப்போது விட்டீர்கள், யாரிடம் விட்டீர்கள்" என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

ஏனென்றால் ஐஸ். கவுண்டிப் பக்கத்தில் குற்றச்சாட்டுகளுக்குக் கீழே குடிவரவு டிடெய்னர் என்று ஒரு வரி இருந்தால் உடனே ஜாமீன் கட்ட ஓடாதீர்கள். ஜாமீன் கட்டியதும் கவுண்டி விடும்; ஆனால் ஐஸ் வந்து எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் வரை பிடித்துவைக்கும்படி கேட்டிருக்கும். பணமும் போய், ஆளும் எங்கோ தூரத்துத் தடுப்பு மையத்துக்குப் போய்விடுவார். குடிவரவு வக்கீலைக் கேட்டபிறகே பணத்தைத் தொட வேண்டும். ஐஸின் தேடல் பக்கம் இரண்டு விதமாக வேலை செய்யும். குடிவரவுத் துறை கொடுக்கும் கோப்பு எண்ணான ஏ-நம்பர் இருந்தால் ஒன்பது இலக்கம், குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர்த்து, பிறந்த நாட்டோடு போட வேண்டும். எண் இல்லையென்றால் பெயரும் பிறந்த நாடும். இங்கே மூன்று எழுத்து வித்தை பலிக்காது, எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எஃப் என் யூ-வையும் போட்டுப் பாருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் வரமாட்டார்கள்.

ஃபெடரல் சிறைத் தேடல் உங்களுக்கு இப்போது தேவைப்படாது. ஆனால் ஒன்று: அதில் 1982 முதல் உள்ளே போய் வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், விட்ட தேதியோடு. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். வட கரோலினாவில் 1972 முதல் தண்டனை பெற்றவர்கள் கிடைப்பார்கள். ஃப்ளோரிடாவில் விடுதலையானவர்களுக்கென்றே தனிப் பட்டியல், 1997 அக்டோபர் முதல். மிச்சிகன் தண்டனை முடிந்து மூன்று வருடம் வரை காட்டும். டெக்சாஸ், கலிஃபோர்னியா பிரிசன் தளங்களில் விடுதலையானவர் தெரியவேமாட்டார். அங்கே பழையதை அறிய கோர்ட் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க மாப்பிள்ளையின் பெயரை இந்தத் தளங்களில் போட்டுப் பார்க்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. இங்கே இருக்கும் சொந்தக்காரர்கள்தான் அதற்குக் கைகாட்டி. செந்தில்குமார் என்று போட்டு ஏதோ ஒரு செந்தில்குமாரின் படம் வந்ததும் நிச்சயத்தை நிறுத்துகிறார்கள். பிறந்த தேதி பொருந்தாமல் பெயர் பொருந்துவதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. பொருந்தினாலும் பிடிபட்டது வேறு, தண்டனை வேறு. ஜெயில் பக்கம் பிடிபட்டதை மட்டும் சொல்லும். வழக்கு தள்ளுபடியானதைக் கவுண்டி கோர்ட் கிளார்க் பக்கத்தில்தான் பார்க்கலாம். ஃபெடரல் வழக்கென்றால் பேசர் என்ற தளம், பக்கத்துக்குப் பத்து சென்ட், மூன்று மாதத்துக்கு 30 டாலருக்குள் நின்றால் அதுவும் வசூலிப்பதில்லை. பார்க்கத் தெரியாதவர்கள் பாதியைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

வெளியே வந்துவிட்டார் என்று ஜெயிலில் சொன்னால், போன் ஏன் அணைந்திருக்கிறது என்று பதறாதீர்கள். போன் பெரும்பாலும் வீட்டில் இருக்கும், அல்லது சாட்சிப் பொருளாகப் போலீசிடம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் அவசர எண்ணான 911-ஐ அழைத்த கேஸாக இருந்தால், மாஜிஸ்திரேட் அவசரப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருப்பார். டெக்சாஸில் அது வழக்கமாக 31 நாளிலிருந்து 61 நாள் வரை. வீட்டுப் பக்கமே போகக்கூடாது. எங்காவது மோட்டலில் இருப்பார். நீங்களோ அத்தையோ அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு சமாதானம் பேசினால், அவர் தூது அனுப்பினார் என்று ஆகி மறுபடியும் உள்ளே போவார். ஊர்ப் பஞ்சாயத்தைக் கப்பலேற்றாதீர்கள்.

உள்ளே இருந்தால் நீங்கள் அழைக்க முடியாது, அவர்தான் அழைக்க வேண்டும். கவுண்டி தளத்தில் உள்ள கைதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஜெயில் வைத்திருக்கும் போன் கம்பெனியில் உங்கள் எண்ணுக்குக் கணக்கு திறந்து காசு போடுங்கள். அழைப்பு முழுக்கப் பதிவாகும். தமிழில் பேசினால் புரியாது என்று நினைத்து நடந்ததை எல்லாம் கொட்டுகிறவர்கள் உண்டு, மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் போகாது. "சாப்பிட்டாயா, வக்கீல் யார்" என்பதோடு நிறுத்துங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தானாகத் தகவல் போகாது, அவர் கேட்டால்தான் போலீஸ் சொல்லும். டெக்சாஸுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம், கேட்கச் சொல்லுங்கள்.

வக்கீல் விஷயத்தில் ஒன்று. "டிஃபர்ட் அட்ஜுடிகேஷன் எடுத்துக்கோ, தண்டனையே இல்லை" என்று இங்கே சுலபமாகச் சொல்வார்கள். தீர்ப்பைத் தள்ளிவைத்து, நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்தால் வழக்கை முடித்துவிடும் ஏற்பாடு அது. மாநிலச் சட்டத்தில் அது தண்டனை இல்லைதான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதை எடுத்தால் குடிவரவுச் சட்டம் தண்டனை என்றே எண்ணும். 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தும் ஆபத்தைக் குற்ற வழக்கு வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அரசு கொடுக்கும் இலவச வக்கீலுக்கும் அந்தக் கடமை உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ் என்றால் தீர்ப்புக்கு முன்பே விசா முத்திரையை ரத்து செய்யலாம். சனிக்கிழமை பார்ட்டிக்கு இருபது டாலர் டாக்சிக்குக் கணக்குப் பார்க்கிற நம் பையன்களுக்கு இதை யார் சொல்வது?

கடைசியாக, அத்தைக்கு ஒரு போன் வரும். வக்கீல் என்றோ போலீஸ் என்றோ சொல்லி, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல், இப்போதே விட்டுவிடுகிறோம் என்பான். ஜாமீன் அப்படிக் கட்டுவதில்லை. கவுண்டியில் நேரில் கட்டுவார்கள், அல்லது ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும், உரிமம் பெற்ற பாண்ட் கம்பெனிக்குத் தொகையில் பத்து சதவீதம் போலக் கொடுப்பார்கள், அந்தப் பத்து திரும்பி வராது. ஜெயில் பக்கத்தில் உள்ள தொகையோடு ஒத்துப்போகாத எந்தத் தொகையையும் அனுப்ப வேண்டாம் என்று இன்றே அத்தையிடம் சொல்லிவையுங்கள்.

பாஸ்போர்ட் நகல் வந்ததும் முதலில் காலின், பிறகு டென்டன், அப்புறம் டல்லாஸ். ஊரில் இப்போது இரவு என்று அத்தையை அழைக்கத் தயங்காதீர்கள், அத்தை விழித்துத்தான் இருப்பார்.