மழைக்காலத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு ஹாலுக்குள் எப்படி ஓடியாட வைப்பது?

கேள்வியைப் படித்ததுமே உங்கள் பள்ளி என் கண்முன் வந்து நின்றுவிட்டது. மைதானம் குளமாகிவிட்டது. "ஹாலில் ஏதாவது விளையாட வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் போய்விட்டார். ஹாலில் பாதியை உடைந்த பெஞ்சுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காற்று இறங்கிய பந்து ஒன்று இருக்கிறது. சரிதானே?

நான் கடலூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்தது 2011 ஜூன். அந்த டிசம்பர் 30 ஆம் தேதியே தானே புயல் வந்து மைதானத்து வேப்பமரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதிலிருந்து ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நீங்கள் கேட்ட கேள்வியோடுதான் குடித்தனம்.

சுருக்கமான பதில்: அவுட்டானவர் போய் உட்காரும் ஆட்டத்தை ஹாலுக்குள் வைக்காதீர்கள். இசை நாற்காலி, எதிரணி எறியும் பந்து மேலே பட்டால் அவுட்டாகும் டாட்ஜ்பால் எல்லாம் இந்த வகைதான். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பதிமூன்று வருடம் நானே அவற்றைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

2024 ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, நகராமல் நின்று கொட்டியது. பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பள்ளி திறந்தபோது மைதானத்தில் கணுக்கால் அளவு சேறு. பிள்ளைகளோ பல நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாக வந்திருந்தார்கள். ஆறாம் வகுப்பை ஹாலுக்குள் விட்டு டாட்ஜ்பால் வைத்தேன்.

அதில் ஒரு பையன். ஒல்லியானவன், ஓடக்கூடியவன். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் அவுட்டாகிவிட்டான். இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் கவனித்தேன்: பந்து அவனை நோக்கி வரவில்லை, அவன்தான் பந்தை நோக்கிப் போனான். தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, நேராகச் சுவரோரம் அடுக்கியிருந்த பாடப்புத்தகக் கட்டுகளின் மேல் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தான். கூப்பிட்டு, ஏன் வேண்டுமென்றே அவுட்டாகிறாய் என்று கேட்டேன்.

"முதலில் அவுட்டானால்தான் சார் கட்டு மேலே இடம் கிடைக்கும். பிறகு வந்தால் தரைதான், ஈரமாக இருக்கும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடப் பீரியடில் அவன் கால் அசைந்தது மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். ஐந்து முதல் பதினேழு வயதுக்காரர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு வாரத்துக்கு இரண்டே பீரியட். நன்றாக ஓடுகிறவன் கடைசி வரை ஓடுகிறான். ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவன் முதலில் போய் உட்காருகிறான்.

"தோற்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா, அவுட் இல்லாவிட்டால் அது விளையாட்டா" என்று கீழே எழுத இப்போதே சிலர் கை துறுதுறுக்கும். ஐயா, நான் அவுட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கபடியைப் பாருங்கள். ஏழு பேரில் ஒருவன் அவுட்டானால் அவன் கதை முடிந்துவிடுவதில்லை. அவன் அணி எதிரணியில் ஒருவனை வீழ்த்தினால், முதலில் வெளியே போனவன் முதலில் உள்ளே வருகிறான். கல்லூரிக் காலம் முழுக்கக் கபடி ஆடியவன் நான். அந்த விதியை ஹாலுக்குள் கொண்டுவரலாம் என்று உறைக்க எனக்கு இத்தனை வருடமாயிற்று.

மறுநாளே மாற்றினேன். பழைய சாக்ஸில் கந்தல் துணி அடைத்து எட்டுப் பந்து. இரண்டு அணி, நடுவில் ஒரு கோடு. அடிபட்டவன் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே வரிசையில் நின்று ஒரே இடத்தில் குதித்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் அணியில் யாராவது பந்தைப் பிடித்துவிட்டால், வரிசையில் முதல் ஆள் உள்ளே. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும்.

இந்தக் கடைசி விதி என் சொத்தல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிரில் வெளியே போக முடியாத 18 மாணவர்களை வைத்துக்கொண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் உங்களைப் போலத்தான் விழித்துக்கொண்டிருந்தார். பந்தோடு ஓடவிட்டால் மேலே விழுந்து பிடிப்பார்கள், தரை கடினம், எலும்பு முறியும் என்று ஓட்டத்தைத் தடுத்தார். பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டினார். கூடைப்பந்து பிறந்தது. உள்ளே ஆடுவதெல்லாம் ஒப்புக்கு ஆடுவது என்று நினைக்கும் தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னேன், "அப்படியா" என்றார்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சுவரைத் தொட்டுத் திரும்பும் ஓட்டப்பந்தயம் வேண்டவே வேண்டாம். என் பொறுப்பில் ஒரு பிள்ளை வேகத்தில் சுவரில் கை ஊன்றி, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அரையாண்டுத் தேர்வு எழுதியது. சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னால் சாக்பீஸில் கோடு போட்டு, அதைத் தொட்டுத் திரும்பச் சொல்லுங்கள். வெறுங்கால்தான் நல்லது, சாக்ஸோடு விட்டால் வழுக்கும். வாசலில் சாக்கு விரித்துக் கால் துடைக்கச் சொல்லுங்கள். தகரக் கூரை என்றால் மழைச் சத்தத்தில் விசில் எடுபடாது. நான் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு, எந்தக் கட்சி மாநாடு என்று சக ஆசிரியர் கேட்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கணக்கு வாத்தியார். டிசம்பர் வந்துவிட்டால், "மழைதானே சார், உங்கள் பீரியடைக் கொடுங்கள், பாடம் முடியவில்லை" என்று வந்து நிற்பார். கடன் என்றுதான் கேட்பார். இதுவரை ஒரு பீரியட் திரும்பி வந்ததில்லை. வட்டிக் கணக்கு நடத்துகிறவருக்கு அசலே நினைவில்லை. எனக்கு ஒதுக்கிய வேலைகள் வேறு இருக்கின்றன: காலை வழிபாட்டில் வரிசை நேராக்குவது, முடி வெட்டாமல் வருகிறவனைப் பிடித்துச் சலூனுக்கு அனுப்புவது, வாசலில் ஆட்டோக்களை ஒழுங்குபடுத்துவது. உடற்கல்வியில் பட்டம் வாங்கியவன் பிள்ளைகளின் கிருதாவை அளந்துகொண்டிருக்கிறேன். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

இடம் மிகவும் குறைவு என்றால் குலைகுலையா முந்திரிக்காய் வையுங்கள். முந்திரி விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. ஒரே வட்டமாக வைத்தால் முப்பத்தெட்டுப் பேர் சம்மணமிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எட்டெட்டுப் பேராக ஐந்து வட்டம் போடுங்கள்.

அந்தப் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. இன்றும் முதலில் அவுட்டாகிறவன் அவன்தான். ஆனால் முதலில் போனவன்தான் முதலில் திரும்ப வேண்டும் என்பதால், வரிசையில் நாலு குதி குதிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிடுகிறார்கள். புத்தகக் கட்டை ஒருமுறை பார்ப்பான், என்னை ஒருமுறை பார்ப்பான். அந்த இரண்டாவது பார்வை அவ்வளவு மரியாதையாக இருப்பதில்லை.